ராசாத்தி சூடேறினா நிக்கும்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க அம்மிணி, எனக்கு வேண்டாம். வெளிய பார்த்தா எனக்குக் கோவந்தான் வரும். இப்பிடி சாஞ்சுக்கறேன், அது போதும். காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டீங்களா? எனக்காகன்னா கழட்டீருக்க வேண்டியதில்லைங்க. நான் அதிகமாப் பேசற ஆளு கிடையாது.

மூச்சு வாங்குதுங்களா எனக்கு? ஓடியாந்து ஏறினேன்ல, அதான். மலைப்பாதையில கை காட்டினா எந்த பஸ்ஸுங்க நிக்கும்? நல்ல மனுசன் இந்த டிரைவரு, நிறுத்தினாரு. கண்டக்டரு கேட்டாரு பாருங்க, "ஏனுங்கம்மா, கார் நிக்குது, அதை உட்டுட்டு பஸ்ல ஏறுறீங்க?"ன்னு. "அது நிக்கிற கார்தான் தம்பி. ஓடற காரா இருந்தா நான் எதுக்கு உங்க பஸ்ல ஏறப் போறேன்?"னேன். பஸ்ஸே சிரிச்சுது. நீங்க ஒருத்தர்தான் சிரிக்கலை. அதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

சித்த எட்டிப் பாருங்க. கீழ் வளைவுல பச்சைக் கலர்ல ஒரு பழைய கார், முன் மூடியைத் தொறந்து போட்டு, ஒருத்தர் உள்ள தலையை உட்டுக்கிட்டு நிக்கிறாருங்களா? வெள்ளை வேட்டி? அவருதான். எங்கூட்டுக்காரரு நாச்சிமுத்து. சரி, பார்க்காதீங்க, உடுங்க. நமக்கென்ன.

தலையில துண்டு போட்டிருக்காருங்களா? இல்லையா? வெயில் இந்த அடி அடிக்குது. சரி, சரி, உடுங்க.

கோயமுத்தூருங்க எங்களுக்கு. பம்புசெட்டுக் கடை வச்சிருந்தாரு. போன வருசம் பையன்கிட்ட சாவியைக் குடுத்துட்டு, இனி ஊட்ல நிம்மதியா உக்காரப் போறேன்னாரு. உக்காந்தாருன்னா நெனைக்கறீங்க? கொஞ்ச நாள் உக்காந்தாரு. அப்பறம் சமையல் ரூமுக்குள்ள வந்து மிக்சியைக் கழட்டினாரு. கிரைண்டரைக் கழட்டினாரு. நல்லா ஓடிட்டிருந்த ஃபேனைக் கழட்டி, "இதுல ஒரு சத்தம் வருது, உனக்குக் கேக்கலையா?"ன்னாரு. கழட்டி மாட்டினதுக்கு அப்பறந்தான் எனக்குக் கேட்டுச்சு. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, "ஏனுங்க, உங்களுக்குன்னு எதையாச்சும் வாங்கிக் கழட்டுங்க"ன்னேன். நான் நெனைச்சது ஒரு பழைய ரேடியோ, ஒரு சுவத்துக் கடிகாரம், அந்த மாதிரி. மனுசன் போயி, ஒரு எஸ்டேட்டுல கோழி அடைஞ்சு கெடந்த காரை லாரியில ஏத்திக் கொண்டாந்து வாசல்ல எறக்கினாரு. அதுக்குள்ளிருந்து ஒரு கோழியும் எறங்குச்சு.

வெள்ளக்காரன் காலத்து வண்டிங்க. கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், அவங்க ஒரு பாவமும் பண்ணலை. உருண்டைக் கண்ணு, உப்பின கன்னம், பொறத்தால நல்லா கொழுகொழுன்னு இருக்கும். அதுக்கு ஒரு பேரு வச்சாரு பாருங்க. ராசாத்தி! எம் பேரு துளசிமணி. கல்யாணம் ஆன நாள்லருந்து என்னைய "ஏ துளசி". மணிகூடக் கெடையாது. தகரத்துக்கு ராசாத்தி. எனக்குப் பொறாமைன்னு நெனைச்சுக்காதீங்க. தகரத்து மேல யாராச்சும் பொறாமைப்படுவாங்களா? அதைத் தொடைக்கறதுக்குன்னு ஒரு துணி வாங்கினாரு, என் சேலையை விட மெத்துனு இருந்துச்சு. அதைத்தான் சொல்றேன்.

வண்டி காலையில நல்லா ஓடுமுங்க. பூ மாதிரி கிளம்பும். ஊரைச் சுத்தும். எஞ்சின் நல்லா சூடேறிச்சோ, ஒரு தும்மல். ஒரு இருமல். அடிவயித்துலிருந்து ஒரு குலுக்கு. நின்னுரும். அதுக்கப்பறம் யாரு கெஞ்சினாலும் கிளம்பாது. ஆறணும். ஆறிச்சுன்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும். பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னாடி உக்காந்திருக்கற மாதிரி அத்தனை அடக்கமா இருக்கும்.

மொதத் தடவை மருதமலைக்குப் போகையில நின்னுச்சு. "பெட்ரோல் சூட்டுல ஆவியாயி குழாயை அடைச்சுக்குச்சு துளசி. ஈரத்துணி போட்டாப் போயிரும்"னாரு. ஈரத்துணிக்கு எங்க போறது? நான் மாத்துக்குக் கொண்டு போயிருந்த சுங்குடிச் சேலையை நனைச்சு எஞ்சின்ல இருக்கற பெட்ரோல் பம்பு மேல பத்துப் போட்டாரு. பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல்னா நெத்தியில போடுவமே, அப்பிடி. காஞ்சதும் மறுபடி நனைச்சு மறுபடி போட்டாரு. எனக்கு டைஃபாய்டு வந்தப்ப வாசல்படியில நின்னு "மாத்திரை சாப்பிட்டியா?"ன்னு கேட்டதோட சரி.

பீளமேட்டுல தங்கவேலுன்னு ஒரு மெக்கானிக்குங்க. அவரு வந்து காயில்னாரு. மாத்தினாங்க. கண்டென்சர்னாரு. மாத்தினாங்க. பெட்ரோல் டேங்க்கைக் கழட்டிக் கழுவி வெயில்ல காய வச்சாங்க, வடகம் காய வைக்கற எடத்துல. எனக்கு இதெல்லாம் என்னத்தைத் தெரியும்? நான் அந்தப் பக்கமே போறதில்லை. டீ கொண்டு போனா காதுல உழும், அவ்வளவுதான். கார்புரேட்டர் ஜெட்டுல தூசி இருக்கும்னு நான்தான் மொதல்ல சொன்னேன், கேட்டாங்களா? கழட்டிப் பார்த்தா இருந்துச்சு. அதை எடுத்தும் நின்னுச்சு, அது வேற விசயம்.

இதுல ஒரு கூத்துங்க அம்மிணி. தங்கவேலு தனியா ஓட்டினா நிக்காது. உச்சி வெயில்ல பல்லடம் போயிட்டு வந்தாரு, நிக்கலை. அவரும் எங்கூட்டுக்காரருமாச் சேர்ந்து போனாங்க, நிக்கலை. சரியாயிருச்சுன்னு தேங்காய் ஒடைச்சுட்டு, வா துளசின்னு என்னைய ஏத்திக்கிட்டுப் போனாரு. சிங்காநல்லூர் தாண்டலைங்க. தும்முச்சு.

தங்கவேலு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "பாரம் கூடிப் போகுதோ என்னமோ"ன்னாரு. நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். "ரோட்டுல மேடு சாஸ்தி, அதைச் சொன்னேன்கா"ன்னு மாத்திட்டாரு. சிங்காநல்லூர் ரோட்டுல என்னங்க மேடு?

சரி, இதெல்லாம் ஊட்டோட போயிருந்தா நான் ஏன் இங்க வந்து உக்காந்திருக்கேன்? எங்க நங்கையா, அதாவது அவரோட அக்கா ரங்கநாயகி, அவங்க பையனுக்குத் திருப்பூர்ல கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ராசாத்திதான்னு இவரு வாக்குக் குடுத்துட்டாரு. பூவெல்லாம் சுத்தி, முன்னாடி செண்டை மேளம், பின்னாடி ஒறம்பற சனமெல்லாம். வண்டிக்குள்ள இவரு, பக்கத்துல நான், பின் சீட்டுல மாப்பிள்ளை. மேளத்துக்குப் பின்னாடி மெதுவா ஊர்ந்து போகணும். மண்டபத்து வாசல் வளைவு தெரியுது. ஆரத்தித் தட்டோட பொண்ணு ஊட்டுக்காரங்க நிக்கிறாங்க. தும்முச்சு பாருங்க. இருமுச்சு. குலுக்குச்சு. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கண்ணுக்கு எறங்கிருச்சு.

செண்டைக்காரங்க மேளத்தைக் கீழ வச்சுட்டு வந்து தள்ளினாங்க. அவங்களால முடியாம மாப்பிள்ளையும் எறங்கித் தள்ளினான், பட்டு வேட்டியோட. போட்டோக்காரனுக்கு ஒரே கொண்டாட்டம். அந்த ஆல்பத்துல தாலி கட்டற படத்தை விட தள்ளற படந்தான் அதிகம்.

அதுகூடப் பரவாயில்லை. பந்தியில உக்காந்திருக்கறப்ப யாரோ கேட்டாங்க, "என்ன நாச்சிமுத்து, வண்டிக்கு என்னதான் கோளாறு?"ன்னு. வாயில ஜாங்கிரியை வச்சுக்கிட்டுச் சொல்றாரு, "வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. துளசி ஏறினா நிக்குது, எறங்கினா ஓடுது."

பந்தியே சிரிச்சுது. நங்கையா எங்கிருந்தோ, "சில பேரு ராசி அப்பிடி"ன்னாங்க. அதையுங்கூட நான் பொறுத்துக்குவேன். பரிமாறிட்டிருந்தவன் சாம்பார் வாளியைக் கீழ வச்சுட்டு நின்னு சிரிச்சான் அம்மிணி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ரசத்துல காரம்னு சொல்லிட்டேன்.

அன்னையிலிருந்து நான் அந்த வண்டியில ஏறலை. பேச்சும் கொறைஞ்சு போச்சு. சாப்பாடு வச்சிருக்குதுங்க, துணி காஞ்சிருச்சுங்க, அவ்வளவுதான். இப்ப ஊட்டியில பழைய கார் வச்சிருக்கறவங்கெல்லாம் ஒண்ணு கூடறாங்களாம். அதுக்குக் கூப்பிட்டாரு. வரமாட்டேன்னேன். மறுநாள் கூப்பிட்டாரு. வரமாட்டேன்னேன். நேத்து சீட்டுல புதுசா ஒரு மெத்தை போட்டு வச்சுட்டு, "குளுருமாம் துளசி, சொட்டரு எடுத்துக்க"ன்னாரு. நான் பாட்டுக்கு மறுபடியும் முடியாதுன்னு சொல்லி, உட்டுட்டுப் போயிட்டாருன்னா? அதான் கிளம்பிட்டேன்.

மேட்டுப்பாளையம் வரைக்கும் நல்லா வந்துச்சு. கல்லாறு தாண்டி மேல ஏற ஆரம்பிச்சதும் நின்னுருச்சு. அப்ப அவரு திட்டலை. மெதுவாத் திரும்பி என்னையப் பார்த்தாரு. வாயைத் தொறந்து திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டு திட்டிட்டு உக்காந்திருப்பேன். பார்த்தாரு. எறங்கி நடந்தேன். "எங்க போறே?"ன்னாரு. "உங்க ராசாத்தி ஓடட்டும்"னேன். அந்நேரம் பார்த்து இந்த பஸ்ஸு வந்துச்சு.

இதென்ன ஊருங்க, பர்லியாறா? டீக்கு நிறுத்தறாங்களாட்டம் இருக்குது. நீங்க எறங்கறீங்களா? எனக்கு வேண்டாம். இங்கேயே உக்காந்துக்கறேன். இங்கிருந்து பார்த்தா ரோடு நல்லாத் தெரியுது.

வாங்க, உக்காருங்க. டீ நல்லா இருந்துச்சுங்களா? பாவம், அவருக்கு இந்நேரத்துக்கு டீ வேணும். ஃப்ளாஸ்க்கு எங்கிட்ட இருக்குது. நல்லா இருக்கட்டும், அப்பத்தான் அருமை தெரியும். வண்டி ஆறறதுக்கு இன்னும் எவ்வளவு நேரமாகுமோ, அது வரைக்கும் ரோட்டோரம் ஒரு பாறை மேல உக்காந்திருப்பாரு, ஈரத்துணி போட்டுக்கிட்டு, "ராசாத்தி, ராசாத்தி"ன்னு...

அய்யோ. அம்மிணி, அங்க பாருங்க. அங்க, அங்க! போறாரு! ஆரன் வேற அடிக்கறாரு! கையைக் காட்டறாரு பாருங்க, மந்திரி மாதிரி!

சரி. போகட்டும். இப்பத்தான் ஆறியிருக்குது, அதான் இந்தத் துள்ளு. அடுத்த வளைவுல பாருங்க, நின்னுட்டிருக்கும். நம்ம பஸ் கிளம்பிருச்சு. நீங்க ஜன்னல்ல பார்த்துட்டே வாங்க. நான் பார்க்க மாட்டேன்.

இந்த வளைவுல இல்லையா? மேடு கம்மி, அதான். அடுத்ததுல இருக்கும்.

இல்லையா?

நான் அது நிக்கணும்னு வேண்டலைங்க. அந்த மாதிரி கெட்ட எண்ணமெல்லாம் எனக்குக் கெடையாது. ஒரே ஒரு தடவை நின்னாப் போதும். சும்மா, நானில்லாட்டியும் நிக்கும்னு ஒரு அத்தாட்சிக்கு. இத்தனை செங்குத்து மேடு, இத்தனை வெயில், எப்பேர்ப்பட்ட வண்டியும் சித்த நின்னு மூச்சு வாங்கும். இது ஏறிட்டே போகுது பாருங்க. அதோ மேல, மரத்துக்கு நடுவால, பச்சையா. போயிட்டே இருக்குது.

அப்ப, அவரு சொன்னது நெசந்தானுங்களா அம்மிணி? நான் ஏறினாத்தான் நிக்குதா? தங்கவேலு ஓட்டினாலும் ஓடுது. அவரு தனியாப் போனாலும் ஓடுது. நங்கையா சொன்ன மாதிரி...

இல்லைங்க, கண்ணுல தூசி. இந்தக் கண்ணாடியைச் சாத்துங்க சித்த.

என்ன கேக்கறீங்க? வண்டியில ஏறினா நான் என்ன பண்ணுவேனா? ஒண்ணும் பண்ண மாட்டேன். நான் எதுலங்க கை வைக்கப் போறேன்? ஏறுவேன். செருப்பைக் கழட்டுவேன். கண்ணாடியை எறக்குவேன். இந்தப் பையை மாட்டுவேன். சாஞ்சு உக்காந்துக்குவேன். அவ்வளவுதான்.

எதுல மாட்டுவேனா? முன்னாடி பலகையில, நடுவால ஒரு குமிழு நீட்டிக்கிட்டு இருக்குதுங்க. கருப்பா, சின்னதா. பை மாட்டறதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கும். கீழ வச்சா கிரீஸு ஒட்டிக்குது, மடியில வச்சா கனம். தூக்கிப் பாருங்க. ஆமா, கனந்தான். ஃப்ளாஸ்க்கு, டிபன் பாக்ஸு, மாத்திரை டப்பா, தண்ணி பாட்டிலு, அவருக்கு மாத்து வேட்டி, ரெண்டு சொட்டரு, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். எங்க போனாலும் இவ்வளவும் வேணுமில்ல?

அந்தக் குமிழு எதுக்கா? அது சோக்குங்க. உங்களுக்குத் தெரியாதா? இந்தக் காலத்து வண்டியில அதெல்லாம் கெடையாது. எஞ்சின் ஆறிக் கெடக்கறப்ப அதை வெளிய இழுத்து வச்சுக் கிளப்பணும். இழுத்தா பெட்ரோல் சாஸ்தியாப் போகும், குளுருக்கு அது வேணும். சூடேறினதும் ஞாபகமா உள்ள தள்ளீரணும். தள்ளலைன்னு வைங்க, பெட்ரோல் மூச்சு முட்டறாப்ல கூடிப்போயி, வண்டி தும்மி, இருமி, குலுக்கி...

அம்மிணி.

சிரிக்காதீங்க அம்மிணி.

இருங்க, இருங்க. நான் பையை மாட்டறேன். அவரு சோக்கை உள்ள தள்ளிட்டாரு, சரி. வண்டி ஆட ஆட பையும் ஆடும். ஆட ஆட அந்தக் குமிழு கொஞ்சங் கொஞ்சமா வெளிய வந்திருக்கும். பை மறைச்சுக்கும், தெரியாது. வண்டி நின்னதும் நான் பையை எடுத்துக்கிட்டு எறங்கிருவேன், உள்ளதான ஃப்ளாஸ்க்கு இருக்குது. ஆறினப்பறம் அவரு வந்து பார்த்தா சோக்கு வெளிய இருக்கும். தான்தான் இழுத்து வச்சோம்னு நெனைச்சுக்குவாரு. மறதிக்காரரு, கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு ஊடெல்லாம் தேடுவாரு.

காயில் மாத்தி, கண்டென்சர் மாத்தி, டேங்க்கைக் கழுவி, என் சுங்குடிச் சேலையைப் பாழாக்கி...

உங்களுக்குச் சிரிப்பா வருது. எனக்கும் வருது, ஆனா நான் சிரிக்க மாட்டேன். யோசிச்சுப் பாருங்க, இதுல தப்பு யாருது? கைக்கு எட்டற எடத்துல குமிழை நீட்டி வச்சவன் தப்பு. தங்கவேலு பேரெடுத்த மெக்கானிக்காம், ஒரு தடவை "அக்கா, அந்தப் பையை மடியில வச்சுக்குங்க"ன்னு சொல்லியிருக்கலாமில்ல? வண்டியைத் தொறந்து தொறந்து பார்த்தாங்களே, ஒருத்தராவது என்னையப் பார்த்தாங்களா?

ஆனா ஒண்ணுங்க. மனசு எத்தனை லேசா இருக்குது தெரியுமா? ராசி, ராசின்னாங்களே. என் ராசியில ஒரு கோளாறும் இல்லை. பைதான்!

அவருகிட்டச் சொல்றதா? எதுக்குச் சொல்லணும்? சொன்னா அடுத்த கல்யாணத்துல ஜாங்கிரியை வாயில வச்சுக்கிட்டு அதையும் சொல்லுவாரு. நான் பாட்டுக்கு வண்டியில ஏறுவேன், பையை மடியில வச்சுக்குவேன், வாயைத் தொறக்க மாட்டேன். வண்டி ஊட்டி வரைக்கும் நிக்காமப் போகும். போனதும் நங்கையாவுக்கு ஒரு போன். "நான் ஏறினேனுங்க, ஓடுச்சுங்க, நல்லா இருக்கீங்களா?" அவ்வளவுதான் பேசுவேன்.

குன்னூர் வந்துருச்சா? அதோ நிக்குது பாருங்க, பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய. சுத்தி ஒரு கூட்டம், எல்லாரும் போட்டோ புடிக்கறாங்க. அவரு கூட்டத்தைப் பார்க்காம ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பார்க்கறாரு. பையை இங்கயே வைக்கறேன், சித்த பார்த்துக்குங்க. என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு வந்தர்றேன்.

வந்துட்டேன். பையை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். உங்ககிட்டச் சொல்லாமப் போனா நல்லா இருக்காது.

என்னையப் பார்த்ததும், "ஏறு துளசி"ன்னாரு. "நான் ஏறினா நிக்குமேங்க"ன்னேன். "நின்னா நிக்கட்டும்"னாரு. "இப்ப நல்லாத்தான ஓடுச்சு, ஆரனெல்லாம் அடிச்சீங்களே?"ன்னேன். மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "ஓடுச்சு. ஓடி என்ன பண்றது? வர்ற வழியில ஒரு எடத்துல பாறை மேலிருந்து தண்ணி கொட்டுது. அதைப் பாரு துளசின்னு திரும்பறேன், வெறும் மெத்தை இருக்குது. அப்பறம் எதையுமே பார்க்கலை, ரோட்டைப் பார்த்துட்டே வந்துட்டேன்"னாரு. அப்பறம், "பந்தியில அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது"ன்னாரு. யாருகிட்டயோ சொல்ற மாதிரி, வண்டி மூடியைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு. அவருக்கு அவ்வளவு வந்ததே பெருசுங்க.

பின்னாடியே, "பஸ்ல எந்தப் புள்ளையையோ புடிச்சு வெச்சு என்னையப் பத்தியே சொல்லிட்டு வந்திருப்பே"ன்னாரு. "ஒரு வார்த்தை பேசலைங்க"ன்னேன். நீங்களும் கேட்டா அப்பிடியே சொல்லிருங்க.

பையைக் குடுங்க, நான் வர்றேன். என்ன, சொல்லீருவேனான்னு பார்க்கறீங்களா? மாட்டேங்க. மடியிலேயே வச்சுக்குவேன். கனந்தான், பரவாயில்லை. ஆனா கேத்தி பக்கம் ஒரு வளைவு வருதுங்க, அங்கிருந்து பார்த்தா பள்ளத்தாக்கு முழுசும் தெரியும், வெள்ளை வெள்ளையா ஊடெல்லாம் கீழ எறைஞ்சு கெடக்கும். ரோட்டோரம் வண்டி நிறுத்த எடமும் இருக்குது. நானாக் கேட்டா, நேரமாச்சு துளசின்னு நிறுத்த மாட்டாரு. அந்த எடம் வர்றப்ப மட்டும், பையைச் சித்த நேரம் அந்தக் குமிழுல மாட்டிக்கலாம்னு இருக்கேன். ஃப்ளாஸ்க்குல டீ அப்பிடியே இருக்குது. வண்டியும் பாவம், இத்தனை தூரம் ஏறியிருக்குது. கொஞ்சம் ஆறட்டும்.